மூளை அறுவைக்குப் பிறகு புத்தி மழுங்கிவிடுமா?

தம்பியின் ஓசிடி நோய்க்கு மாத்திரையும் பயிற்சியும் இதற்குமேல் கைகொடுக்காவிட்டால் மூளையில் அறுவைச் சிகிச்சை என்று ஒரு வழியும் இருக்கிறது என்றார் அவனுடைய மருத்துவர். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புள்ளைக்குப் புத்தி மழுங்கிடாதே டாக்டர்?" உயிருக்கு ஆபத்தா, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான். "ஐக்யூ எல்லாம் குறையாதும்மா" என்றார் அவர். அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை; கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஆய்வுக் கட்டுரையின் அட்டவணை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கத் தெரியும். இதே கேள்வியோடு இருக்கும் வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தம்பிக்கு எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்றால் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ படிக்கும்போது தொடங்கியது. சுத்தம் பார்ப்பதுதான் ஓசிடி என்று பலர் நினைக்கிறார்கள். அவனுக்கு வந்தது சரிபார்க்கும் வகை. பூட்டு, கேஸ் குமிழ், ஸ்விட்ச். அதோடு, படித்த வரியைச் சரியாகப் படித்தோமா என்று மறுபடி மறுபடி படிப்பது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். பரீட்சையில் பாதித் தாள்தான் எழுதுவான். எழுதிய பாதி முழுக்கச் சரியாக இருக்கும். உறவினர்கள் "மக்கு ஆயிட்டான்" என்றார்கள். அந்தப் பேச்சு அம்மாவின் காதில் இன்னும் இருக்கிறது. அவள் கேள்வி அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

அறுவை சிந்தனையை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நோயே என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். நெதர்லாந்தில் வான் டென் ஹூட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நோய் ஏதும் இல்லாத சாதாரண மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எந்தக் குமிழ்களைச் சரிபார்த்தார்கள் என்று கேட்டபோது, பதில்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது என்றார்கள், அதை நம்ப முடியவில்லை என்றார்கள். நினைவு கெடவில்லை, நினைவின் மேலிருந்த நம்பிக்கை கெட்டது. நோயே இல்லாதவர்களுக்குச் சற்று நேரத்தில் இப்படி ஆகுமென்றால், வருடக்கணக்கில் இதையே செய்பவனுக்கு என்ன ஆகும்? இதைப் படித்துக் காட்டியபோது தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு ஞாபக மறதி இல்லையாக்கா?" என்றான்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு வேறு சில சிரமங்களும் உண்டு. ஒரு சிக்கலான கோட்டுப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னால், முதலில் பெரிய சட்டகத்தைப் போடாமல் ஒவ்வொரு சின்னக் கோடாகத் தொடங்குவார்கள். பிறகு பார்க்காமல் வரையச் சொன்னால் படம் சிதறிவிடும். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மாறுவதில் தடுமாற்றம் வரும். வேகம் குறையும். எனவே "அறுவைக்கு முன்னால் நல்ல புத்தி, பின்னால் மழுங்கிய புத்தி" என்று நேராக ஒப்பிடவே முடியாது. முன்னாலேயே நோய் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறது.

அறுவை என்றால் என்ன? நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்புறணி, ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம், அதற்கும் உள்ளே தாலமஸ், அங்கிருந்து மறுபடி புறணி என்று ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஓசிடியில் இந்தச் சுற்று ஓயாமல் ஓடுகிறது. அந்தப் பாதையில் ஒரு சிறு இடத்தைச் சுட்டோ, கதிர்வீச்சைக் குவித்தோ சிதைப்பது ஒரு வகை. உள் கேப்சூல் என்ற நரம்பிழைக் கற்றையின் முன்பகுதியில் செய்தால் கேப்சுலாட்டமி. மூளையின் உட்பக்க மடிப்பான சிங்குலேட் பகுதியில் செய்தால் சிங்குலாட்டமி. இன்னொரு வகையில் எதையும் சிதைப்பதில்லை. மெல்லிய மின்முனைகளை ஆழத்தில் இறக்கி, மார்பில் தோலுக்கடியில் வைத்த ஒரு கருவியிலிருந்து மின்துடிப்பு அனுப்புகிறார்கள். ஆழ்மூளைத் தூண்டல். பார்க்கின்சன் நோய்க்குச் செய்வதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓசிடிக்கு இதை முதலில் வெளியிட்டவர் பெல்ஜியத்தின் லூவென் நகரைச் சேர்ந்த பார்ட் நட்டின், 1999இல். இவை எதுவும் முதல் சிகிச்சை அல்ல, இரண்டாவதும் அல்ல. பல மருந்துகளை உயர்ந்த அளவில் போதிய காலம் கொடுத்து, பயப்படும் ஒன்றை எதிர்கொண்டும் சரிபார்க்காமல் இருக்கப் பழகும் பயிற்சியை முறையாகச் செய்து, எதுவும் பலிக்காத கடுமையான நோயாளிக்குத்தான் இந்தப் பேச்சே எழும்.

மழுங்கல் பற்றிய பயம் சும்மா வந்ததல்ல. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் நெற்றிப்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் அறுவையைத் தொடங்கினார்; 1949இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் 1946இலிருந்து கண்குழி வழியாகக் கூர்கருவியை நுழைத்து, ஆயிரக்கணக்கானவர்களின் மூளையைக் குருட்டாம்போக்கில் கலைத்தார். 1941இல் ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 23 வயதில் ஃப்ரீமனும் அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் வாட்ஸும் செய்த அறுவைக்குப் பிறகு அவர் நடையையும் பேச்சையும் பெருமளவு இழந்து, வாழ்நாள் முழுக்கப் பிறர் பராமரிப்பில் இருந்தார். இன்றைய அறுவை அதுவல்ல. ஸ்கேன் பார்த்து, சில மில்லிமீட்டர் அளவில் குறிவைத்துச் செய்வது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் அந்தக் காலத்திலிருந்து ஒரு பாடம் இன்றும் செல்லும். நெற்றிமடல், அதாவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, போனாலும் ஐக்யூ போகாது. மாண்ட்ரியலில் டொனால்ட் ஹெப், வில்டர் பென்ஃபீல்ட் இருவரும் 1940இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். வலிப்புக்காக இரு பக்க நெற்றிமடலிலும் பெரும்பகுதியை அகற்றியும் அவருடைய நுண்ணறிவு மதிப்பெண் குறையவில்லை. அதே ஊரில் பிரெண்டா மில்னர் 1963இல் வேறொரு சோதனையைக் கையிலெடுத்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் வேறுபடும் சீட்டுகளை வகைபிரிக்க வேண்டும். எந்த அடிப்படையில் என்று சொல்ல மாட்டார்கள். சரி, தவறு என்று மட்டும் சொல்வார்கள். விதியைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து பத்து முறை சரியாகச் செய்ததும் விதி சத்தமில்லாமல் மாறிவிடும். நெற்றிமடலின் மேற்புறத்தில் அறுவை நடந்தவர்கள் "தவறு, தவறு" என்று காதில் விழுந்துகொண்டிருந்தும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐக்யூ தாளில் தெரியாத குறை இங்கே தெரிந்தது. எனவே "ஐக்யூ குறையாது" என்பது, இந்த இடத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய எதையும் சொல்லாத வாக்கியம்.

சரி, தக்க சோதனைகளை வைத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 1970களில் அமெரிக்க அரசு அமைத்த ஓர் ஆணையத்துக்காக எம்.ஐ.டி.யில் ஹான்ஸ்-லூகாஸ் டாய்பரும் சூசன் கார்கினும், பாஸ்டனில் சிங்குலாட்டமி செய்துகொண்டவர்களை விரிவாகச் சோதித்தார்கள். கார்கின், மூளை அறுவையில் புதிய நினைவே பதியாமல் போன ஹெச்.எம். என்ற நோயாளியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அறுவை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியாததல்ல. சிங்குலாட்டமியில் பெரிய, நிலைத்த பாதிப்பு எதையும் அவர்கள் காணவில்லை. பிறகு வந்தவையும் பெரும்பாலும் இதே திசையில் இருக்கின்றன. பிரான்சில் 16 பேரிடம் ஆழ்மூளைத் தூண்டலை மூன்று மாதம் இயக்கியும் மூன்று மாதம் அணைத்தும் பார்த்து, 2008இல் வெளியிட்டார்கள். 40க்குக் கணக்கிடும் நோய்க்கடுமை அளவு, அணைத்திருந்தபோது சராசரி 28, இயங்கியபோது 19. சிந்தனைச் சோதனைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரேசிலின் சாவோ பாலோவில் காமாக் கதிரால் கேப்சுலாட்டமி செய்துகொண்டவர்களுக்குக் காட்சி சார்ந்த நினைவாற்றல் மேம்பட்டதாக 2015இல் எழுதினார்கள். லண்டனில் ஆறு பேருக்கு, ஒரே மூளையில் இரண்டு இடங்களைத் தூண்டி ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எந்த இடத்தைத் தூண்டினாலும் ஓசிடி குறைந்தது. கேப்சூல் பகுதியைத் தூண்டினால் மனச்சோர்வு கூடுதலாக விலகியது. தாலமஸுக்குக் கீழேயுள்ள சப்தலாமிக் பகுதியைத் தூண்டினால் விதிமாறும் சோதனையில் நெகிழ்வு கூடியது. நோய் பிடித்து வைத்திருந்த பங்கில் கொஞ்சம் திரும்பி வருகிறது என்று இதைப் படிக்கலாம்.

இங்கே என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கூடும். அப்படியிருக்க "மாற்றமில்லை" என்று வந்தால், கூடவேண்டியது கூடவில்லை என்றும் பொருள்கொள்ளலாம். அறுவை செய்யாத ஓசிடி நோயாளிகளுக்கும் அதே இடைவெளியில் அதே சோதனையை வைத்துப் பார்க்காதவரை இது தெளிவாகாது. அதோடு ஆறு பேர், எட்டுப் பேர், பதினாறு பேர் என்ற எண்ணிக்கையில் வித்தியாசம் தென்படாதது, வித்தியாசம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வகுப்பில் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது அது வேறுமாதிரி கனக்கிறது.

நுட்பமான இழப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 2012இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை நல்ல உதாரணம். பாஸ்டனில் சமீர் ஷேத்தும் குழுவினரும் சிங்குலாட்டமியின்போது, சிதைக்கப்போகும் இடத்தின் தனித்தனி நரம்பணுக்களைப் பதிவுசெய்தார்கள். நோயாளி விழித்திருந்து, திரையில் வரும் மூன்று எண்களில் வேறுபட்டது எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். சில சுலபம், சில குழப்பும். ஒரு குழப்பமான கேள்விக்குப் பின் இன்னொன்று வந்தால் நாம் அதற்குத் தயாராகிவிடுவதால் சற்று விரைவாகப் பதில் சொல்வோம். அறுவை முடிந்த உடனே மறுபடி சோதித்தார்கள். பதில்கள் சரியாகவே வந்தன. அந்தத் தயாராகும் தன்மை மட்டும் காணாமல் போயிருந்தது. இது நாள்போக்கில் வாழ்க்கையில் எவ்வளவு உறைக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் எந்த மதிப்பெண் தாளிலும் இது இழப்பாகப் பதிவாகியிருக்காது.

இனி, நான் திரும்பத் திரும்பப் படித்த கட்டுரைக்கு வருகிறேன். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிறிஸ்டியன் ரூக்கும் குழுவினரும் 2008இல் வெளியிட்டது. கேப்சுலாட்டமியை வளர்த்தெடுத்த ஊர் அது. காமாக் கதிரைக் குவித்துச் சிதைக்கும் 'காமாக் கத்தி' கருவியைக் கண்டுபிடித்த லார்ஸ் லெக்செல் பணியாற்றிய இடம். 1988 முதல் 2000 வரை ஓசிடிக்காகக் கேப்சுலாட்டமி செய்துகொண்ட 25 பேரைத் தேடிப் பிடித்தார்கள். அறுவை முடிந்து சராசரியாகப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. இந்தத் துறையில் அவ்வளவு காலம் காத்திருந்து பார்த்தவர்கள் குறைவு. நோயின் அளவை எடுத்தவர் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததிலோ பின்சிகிச்சையிலோ பங்கில்லாதவர். தன் கைவேலையைத் தானே மதிப்பிடும் சிக்கல் அங்கே இல்லை.

நோயளவு சராசரி 34இலிருந்து 18க்கு இறங்கியிருந்தது. 34 என்றால் நாள் முழுக்க நோய். 18 என்றால் நோயோடு வாழலாம். இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே கட்டுரையில், 25 பேரில் 10 பேருக்குத் திட்டமிட்டுச் செயல்படுவதிலோ, முனைப்பின்மையிலோ, கட்டுப்பாடின்மையிலோ கணிசமான பிரச்சினை இருந்தது. இந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் அதிகக் கதிர்வீச்சு பெற்றவர்கள் அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறுவை செய்துகொண்டவர்கள். நோயும் நீங்கி, பக்கவிளைவும் இல்லாமல் இருந்தவர்கள் மூன்றே பேர். சிதைக்கும் இடம் சிறிதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம், கூடுதல் கதிர்வீச்சையும் மறு அறுவையையும் தவிர்க்க வேண்டும் என்று தங்கள் ஊரின் சாதனையைப் பற்றி அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

முனைப்பின்மை என்பதை நம் வீடுகளில் "சுரத்தே இல்லாம உக்காந்திருக்கான்" என்பார்கள். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் பேச மாட்டான். சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், பசிக்கிறது என்று எழுந்து வர மாட்டான். இது ஏன் சோதனையில் சிக்குவதில்லை? சோதனை அறையில் உளவியலாளர் எதிரே உட்கார்ந்து, "இப்போது தொடங்குங்கள்" என்கிறார், "போதும், அடுத்தது" என்கிறார். தொடங்குவதையும் நிறுத்துவதையும் எதைச் செய்வது என்பதையும் அவரே கொடுத்துவிடுகிறார். நோயாளியிடம் இல்லாமல் போனது எதுவோ, அதை அந்த ஒரு மணி நேரத்துக்குச் சோதனை செய்பவர் கடனாகத் தருகிறார். லண்டனில் டிம் ஷாலிஸும் பால் பர்கெஸும் 1991இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சாட்சி. நெற்றிமடல் அடிபட்ட மூன்று பேர், அறிவுச் சோதனைகளில் நன்றாகவே செய்தவர்கள். கடைத்தெருவுக்கு அனுப்பி, சில பொருள்கள் வாங்கிவா, சில தகவல்கள் கேட்டுவா, இந்தச் சில விதிகளை மீறாதே என்றார்கள். அங்கே தடுமாறிப் போனார்கள்.

குடும்பத்தை ஏமாற்றும் இன்னொரு விஷயமும் உண்டு. பத்து வருடம் கதவையும் அடுப்பையும் சுற்றிவந்த பிள்ளை ஒருநாள் அமைதியாக உட்கார்ந்தால் வீடே நிம்மதியாகிவிடும். அது நோய் விட்ட அமைதியா, சுரத்துப் போன அமைதியா என்று முதல் வருடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க மனமும் வராது.

அமைதியை மட்டுமே வெற்றியாகக் கொண்ட காலம் நம் ஊரிலும் இருந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் சென்னையில் வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா, பி. ராமமூர்த்தி ஆகியோர், கட்டுக்கடங்காத ஆவேசமும் ஓயாத துறுதுறுப்பும் கொண்டவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையின் ஆழத்தில் சிறு இடங்களைச் சிதைக்கும் அறுவைகளைச் செய்து உலக இதழ்களில் எழுதினார்கள். அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை என்பதே அவர்கள் வைத்த பெயர். மருந்து அதிகம் இல்லாத காலம், சங்கிலியில் கட்டிவைப்பதே மாற்றாக இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அடங்கினானா என்பது வீட்டார் கேட்கும் கேள்வி. அவனுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பது வேறு. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 96, மனநோய்க்கான மூளை அறுவைக்கு இரண்டைக் கட்டாயமாக்குகிறது: மனநல வாரியத்தின் ஒப்புதல், விவரமறிந்த நோயாளியின் சொந்தச் சம்மதம். அம்மாவோ நானோ கையெழுத்துப் போட்டால் செல்லாது.

ஆகவே தம்பியிடமே எல்லாவற்றையும் கொடுத்தேன், ஸ்வீடன் கட்டுரை உட்பட. வரிக்கு வரி திரும்பப் படிப்பவன் என்பதால் நாளானது. "இந்த நோயிலயும் எங்கிட்ட மிச்சம் இருக்கிறது, எதையாவது செய்யணும்ங்கிற ஆசைதான்கா. செய்ய முடியல, அது வேற. அந்த ஆசையே போயிட்டா, போனதுகூட எனக்குத் தெரியாதுல்ல?" என்றான். நான் பதில் சொல்லத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "ஆனா இப்படியே நாப்பது வயசு வரைக்கும் போகணும்னாலும் சொல்லு, நான் யோசிக்கணும்" என்றான்.

சியோலிலும் டொரண்டோவிலும் மண்டையைத் திறக்காமல் ஒலியலையைக் குவித்துக் கேப்சுலாட்டமி செய்கிறார்கள். சிந்தனைச் சோதனைகளில் சரிவில்லை என்கிறார்கள். நம்பிக்கை தருவதுதான். ஆனால் டொரண்டோ கட்டுரை வந்தது 2020இல். ஸ்டாக்ஹோம் போலப் பத்து வருடம் தாண்டி வந்து கதவைத் தட்டிக் கேட்கும் ஆய்வுக்கு அங்கே இன்னும் காலமிருக்கிறது. சிதைத்தால் திரும்பாது, தூண்டலை அணைக்கலாம் என்பதால் நான் தூண்டலின் பக்கம் சாய்கிறேன். ஆனால் கருவி, பேட்டரி மாற்றுதல், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்து அளவைச் சரிசெய்தல் என்று அதற்குள்ள பாரம் எங்களைப் போன்ற வீட்டுக்குச் சின்னதல்ல. தம்பி எந்தப் பக்கமும் இன்னும் சாயவில்லை.

இப்போதைக்கு அவன் புதிய உளவியலாளரிடம் போகிறான். முன்பு அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஆறுதல் பேச்சுத்தான், முறையான எதிர்கொள்ளும் பயிற்சி அல்ல என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. கேஸைத் திருகிவிட்டு ஒருமுறை மட்டும் பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்; பதற்றம் தானாக இறங்கும்வரை திரும்பி வரக்கூடாது. வேர்த்து விறுவிறுத்துச் செய்கிறான். ஓசிடிக்குத் தரும் க்ளோமிப்ரமின் மாத்திரையின் அளவையும் மருத்துவர் கூட்டியிருக்கிறார்.

மருத்துவரிடம் நான் வேண்டியது ஒன்று. அறுவை நடக்கிறதோ இல்லையோ, இப்போதே அவனுக்கு முழு நரம்பு உளவியல் சோதனை செய்துவைக்க வேண்டும். அதில் முனைப்புப் பற்றிய கேள்வித்தாளை அவனிடம் ஒன்றும் வீட்டிலிருக்கும் எங்களிடம் ஒன்றுமாக வாங்க வேண்டும். நாளை ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய அவன் காகிதத்திலாவது இருக்க வேண்டும். சரி என்றார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வீட்டார் நிரப்பவேண்டிய தாளை அம்மாதான் நிரப்பப்போகிறாள்.